வலி போன பிறகும் வலு வராவிட்டால்



உடற்பயிற்சிக் கூடத்தில் மல்லாந்து படுத்து எடைக்கம்பியை நெஞ்சுக்கு இறக்கும்போது 'பட்'டென்று ஒரு சத்தம். சதை பிடித்திருக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு நாலு நாள் சும்மா இருப்பார்கள். இலேசான தசை இழுப்பு என்றால் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். நான் பேச வந்தது ஆறாமல் நிற்கும் காயத்தைப் பற்றி.

நெஞ்சின் பெருந்தசை நடுநெஞ்சிலிருந்து விசிறிபோல் குவிந்து, ஒரு தசைநாணாக மேற்கை எலும்பைப் பற்றியிருக்கிறது. பாரத்தைத் தாங்கியபடியே தசை நீளும்போது அந்த நாண் எலும்பை விட்டுப் பிய்ந்துவிடலாம். 1822-இல் பாரிசில் பத்திசியே என்ற மருத்துவர் இதை முதன்முதலில் பதிவு செய்தார். காயம்பட்டவன் கனமான மாட்டிறைச்சியைத் தூக்கிய கசாப்புக்கடைப் பையன். மூட்டை தூக்குகிறவருக்கும் இது வரலாம்.

இதில் ஆளை ஏமாற்றுவது வலிதான். கொஞ்ச நாளில் அது தணிந்துவிடும். மற்ற தசைகள் கைகொடுப்பதால் சோறு பிசையலாம், வண்டியும் ஓட்டலாம். ஆனால் கதவைத் தள்ளினால் அந்தக் கையில் வலு இருக்காது. கண்ணாடி முன் நின்று உள்ளங்கைகளை ஒன்றோடொன்று அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் அக்குளின் முன்மடிப்பு தட்டையாகத் தெரிந்தாலோ, காயம்பட்டபோது மேற்கை வரை இரத்தம் கட்டிக் கறுத்திருந்தாலோ, மறுபடி மருத்துவரிடம் போயே ஆகவேண்டும். எக்ஸ்-ரேயில் எலும்பு நன்றாக இருப்பதால் நாணும் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. அதைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

இவ்வளவு அவசரப்படுத்தக் காரணம் உண்டு. அறுந்த நாணை முதல் ஆறு வாரத்துக்குள் எலும்போடு சேர்த்துத் தைப்பது எளிது. நாள் போகப் போகத் தசை உள்ளே சுருங்கித் தழும்பாகிவிடும். அப்போது வேறிடத்து நாணை எடுத்து ஒட்டுப்போட நேரலாம். மாதக்கணக்கில் கடத்தியவர்களும் நம்பிக்கை இழக்க வேண்டாம், அப்போதும் வழி உண்டு. பாதி மட்டும் கிழிந்திருந்தால் பலருக்குப் பிசியோதெரபியே போதும்.

நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால் தசை என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம், உடனே 108-ஐ அழையுங்கள்.

மற்றவர்கள் எலும்பு மருத்துவரிடம் போகும்போது காயம்பட்ட தேதி, கேட்ட சத்தம், இப்போது செய்யமுடியாத வேலை, எல்லாவற்றையும் சொல்லுங்கள். 'நாண் அறுந்திருக்குமா, டாக்டர்?' என்று நீங்களே கேளுங்கள்.