படிகங்கண்ட பெருமாட்டி

(நம் சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பித்து வாழும் எளியேனை, இவ்விழாவிலே இரசாயன நூலிற் பரிசு பெற்றோர் வரலாற்றைக் கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். அந்நூலில் யான் வல்லுநன் அல்லேன். எனினும், அறிவுடையோர் வரலாறு எந்நாட்டதாயினும் எக்கலையைச் சார்ந்ததாயினும் கேட்பார்க்குப் பயன்படும் என்னும் துணிவுடையேன். பலருடைய பெயர்களை அடுக்கிக் கூறின் ஒன்றும் நெஞ்சில் நில்லாது. ஆதலின், ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் செய்த செயலையும், அச்செயல் முற்றுதற்குத் துணையாயிருந்தவற்றையும் என் அறிவிற்கு எட்டிய அளவிற் கூறுவேன்.

ஸ்வீடன் தேசத்து ஆல்பிரட் நோபெல் என்பவர் வெடிமருந்து செய்து பெரும்பொருள் ஈட்டியவர். அவர் விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு 1901 ஆம் ஆண்டு முதல் நோபெல் பரிசு வழங்கப்பட்டு வருகின்றது. இரசாயனத்திற்காக அப்பரிசினைப் பெற்ற பெண்டிர் 2024 ஆம் ஆண்டு முடிய எண்மரே ஆவர். முதலிருவர் தாயும் மகளும்: 1911 இல் மேரி கியூரி அம்மையாரும், 1935 இல் தம் கணவரோடு ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையாரும் பெற்றனர். மூன்றாமவர் 1964 இல் அப்பரிசினை வேறெவரோடும் பகிராது தனியே பெற்ற டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார். அவரே இன்றைய என் பொருள்.

இவர் 1910 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆம் நாள் எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரிற் பிறந்தார். தந்தையார் எகிப்திலும் சூடானிலும் கல்வித்துறையிற் பணியாற்றிய ஆங்கிலேயர். தாயார் பழங்காலத்து நெசவினை ஆராய்ந்தவர். பெண்மக்கள் நால்வருள் இவரே மூத்தவர். பெற்றோர் அயல்நாட்டிலிருக்கப் பிள்ளைகள் பெரும்பாலும் இங்கிலாந்தில் வளர்ந்தனர். பத்து வயதளவில், சிறு பள்ளியொன்றில், படிகாரத்தையும் மயில்துத்தத்தையும் நீரிற் கரைத்துப் படிகம் வளர்க்கும் வித்தையை இவர் கண்டார். கரைந்து மறைந்த பொருள் நாள்தோறும் முகமும் விளிம்பும் பெற்று வளர்வதைக் கண்ட அக்குழந்தையின் உள்ளம் அதன்கண்ணே தங்கிவிட்டது.

பின்னர்ப் பெற்றோரைக் காண்பதற்குச் சூடான் நாட்டுக் கார்ட்டூம் நகருக்குச் சென்றபோது, மண்ணை ஆராயும் ஜோசப் என்னும் இரசாயன அறிஞர், இச்சிறுமியின் ஆர்வத்தைக் கண்டு, பரிசோதனைக்குரிய மருந்துகளும் கனிப்பொருள்களும் அடங்கிய பெட்டி ஒன்றை வழங்கினார். வீட்டின் மேன்மாடத்திலே இவர் தமக்கென ஒரு சோதனைச்சாலை அமைத்துக்கொண்டார். பெற்றோர் அதனைத் தடுத்திலர். உயர்நிலைப் பள்ளியிலே இரசாயன வகுப்பு ஆண்பிள்ளைகட்கே உரியதாயிருந்தது. இவரும் மற்றொரு சிறுமியும் அவ்வகுப்பிலே சேர்ந்திருந்து கற்க இசைவு பெற்றனர். பதினாறாம் பிறந்தநாளிலே தாயார் இவருக்குக் கொடுத்த பரிசு அணிகலனன்று. எக்ஸ் கதிரால் அணுக்களின் அமைப்பைக் காணும் வகையினைச் சிறார்க்கு விளக்கி வில்லியம் பிராக் என்னும் அறிஞர் எழுதிய புத்தகம்.

தாய்மார்காள்! படிகம் என்றவுடன் அஃது எங்கோ உள்ள அரும்பொருள் என்று எண்ணவேண்டா. நம் அடுக்களை உப்பும், நூலைத் தொங்கவிட்டு உறையச்செய்த கற்கண்டும், முகம் மழித்தபின் தடவும் படிகாரமும் படிகங்களே. வாயிலிற் புள்ளிவைத்துக் கோலமிடும் பெண், ஒரே வடிவத்தை வரிசைவரிசையாக இட்டுச் செல்லுகின்றாள் அன்றோ? அங்ஙனமே இயற்கை, ஒரே வகையான அணுக்கூட்டத்தை முன்பின்னாகவும் இடவலமாகவும் மேல்கீழாகவும் எண்ணிறந்த முறை அடுக்கி அமைத்த கோலமே படிகம் என்க.

அக்கோலத்தைக் கண்ணாற் காணல் இயலாது. யாங்ஙனமெனின், ஒரு சென்டிமீட்டரைப் பத்துக்கோடியாகப் பகுத்தால் வரும் ஒன்றிரண்டு கூறுகளே அணுவுக்கும் அணுவுக்கும் இடையுள்ள தொலைவு. ஒளியின் அலையோ அதனினும் பல்லாயிர மடங்கு பெரிது. எக்ஸ் கதிரின் அலை அவ்வணுக்களின் இடைவெளிக்கு ஒத்த சிறுமையுடையது. அதனைப் படிகத்தினூடே செலுத்தினால், கதிர் பலவாறு சிதறிப் புகைப்படத் தகட்டிலே கரும்புள்ளிகளைப் பதிக்கும். இதனை நெறிப்படுத்திய பிராக் என்பாரும் அவர் மைந்தரும் 1915 இல் பௌதிகத்திற்குரிய நோபெல் பரிசு பெற்றனர்.

எனினும், தகட்டிற் காணும் புள்ளிகள் கோலமல்ல. கோலம் கதிரைச் சிதறச்செய்ததனாற் பிறந்த அடையாளங்களே. ஒவ்வொரு புள்ளியின் கருமையையும் அளந்து, கணக்கிட்டு, மறைந்திருக்கும் அணுக்களின் இடத்தை உய்த்துணர்தல் வேண்டும். அன்றியும், அலையின் வன்மையைத் தகடு காட்டுமேயன்றி, அவ்வலை எழுந்து நின்றதோ தாழ்ந்து நின்றதோ என்பதைக் காட்டாது. பாதி எழுத்துக்கள் செல்லரித்துப்போன ஏட்டுச்சுவடியைப் படித்துப் பாடங்காணும் புலவரின் பணி போன்றது இப்பணி. அணுக்கள் பெருகப் பெருகக் கணக்கும் பெருகும்.

டாரதி அம்மையார் 1928 இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் சாமர்வில் பெண்கள் கல்லூரியிற் சேர்ந்து, இரசாயனத்தில் முதல்வகுப்பிற் தேறினார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று பெர்னால் என்னும் அறிஞரோடு ஆராய்ந்தார். 1934 இல் அங்கே பெப்சின் என்னும் புரதப் படிகத்தை, அது விளைந்த நீரினின்றும் எடுத்து உலர்த்தாமல், ஈரத்தோடே வைத்துக் கதிர்ப்படம் எடுத்தனர். உலர்ந்தபோது ஒன்றும் புலப்படுத்தாத படிகம், ஈரத்தோடிருந்தபோது தன் ஒழுங்கினைத் தெளிவாகக் காட்டிற்று. புரதங்களின் அமைப்பையும் கண்டறியலாகும் என்னும் நம்பிக்கை அன்று பிறந்தது.

அவ்வாண்டிலேயே அம்மையாருக்கு ஒரு துன்பமும் நேர்ந்தது. இருபத்துநான்காம் வயதிலே கைம்மூட்டுக்களைக் கொடிய வாதநோய் பற்றியது. நாளடைவில் விரல்கள் கோணின. மணலினும் நுண்ணிய படிகத்தைக் கண்ணாடி இழையில் நிறுத்தவேண்டிய கைகள் அவை! எனினும் அவர் அத்தொழிலை விட்டாரில்லை.

ஆக்ஸ்போர்டுக்கு மீண்ட அம்மையாருக்குக் கிடைத்த இடம், சர்வகலாசாலைக் காட்சிச்சாலையின் கீழ்ப்பகுதியில் ஒரு மூலை. அங்கிருந்தே அவர் பெனிசிலினை ஆராய்ந்தார். 1928 இல் பிளெமிங் கண்ட அம்மருந்து, இரண்டாம் உலகப்போரில் எண்ணற்ற உயிர்களைக் காத்துவந்தது. ஆயினும் அதன் அமைப்பு யாதென அறிஞர் தம்முள் மாறுபட்டனர். மூன்று கரி அணுவும் ஒரு நைட்ரஜன் அணுவும் சேர்ந்த நாற்கோண வளையம் அதனுள் இருத்தல் கூடும் எனச் சிலர் கூற, அத்தகைய வளையம் நிலைபெறாது எனப் பெரும்புலவர் பலர் மறுத்தனர். அம்மையார் சோடியமும் பொட்டாசியமும் ருபீடியமும் சேர்ந்த பெனிசிலின் உப்புக்களின் கதிர்ப்படங்களை ஒப்புநோக்கி, துளையிட்ட அட்டைகளைக்கொண்டு கணக்கிடும் பொறியின் துணையும் பெற்று, அவ்வளையம் உண்மையே என 1945 இல் நிலைநாட்டினார். வாதத்தாற் தீராத வழக்கினைப் படிகத்தின் சான்று தீர்த்தது.

அடுத்து வைட்டமின் பி12. கொடிய சோகைநோய் ஒன்றைத் தீர்க்கும் அப்பொருளின் சிவந்த படிகங்கள் 1948 இல் அம்மையார் கைக்கு வந்தன. ஒரு மூலக்கூறில் 181 அணுக்கள்; நடுவே ஒரு கோபால்ட் அணு. அத்துணைப் பெரிய பொருளின் அமைப்பைக் கதிர்ப்படத்தாற் காணலாகும் என அக்காலத்து நம்பியவர் சிலரே. எட்டாண்டு உழைப்பின் பின், 1956 இல், அமெரிக்காவிலிருந்த கணிப்பொறியின் உதவியோடு அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் அதனை முற்றும் கண்டனர். இவ்விரண்டையும் முதன்மையாகக் கருதியே 1964 இல் பரிசு வழங்கப்பட்டது. இங்கிலாந்துச் செய்தித்தாள் ஒன்று, ஆக்ஸ்போர்டு இல்லத்தலைவி ஒருவர் பரிசு பெற்றார் என்று தலைப்பிட்டது. முப்பதாண்டு ஆராய்ச்சியினும் அடுக்களையே அவர்கட்குப் பெரிதாகத் தோன்றியது போலும்!

அம்மையார் இல்லத்தலைவியும் ஆவர், அதில் இழுக்கொன்றுமில்லை. 1937 இல் தாமஸ் ஹாட்ஜ்கின் என்பவரை மணந்து மூன்று மக்களைப் பெற்றார். கணவர் தொழில்காரணமாக வேற்றூரிற் தங்கி வார இறுதியில் வந்துபோன காலமும் உண்டு. இல்லத்திலே துணைசெய்வோர் இருந்தனர். அனைத்தையும் தாமே சுமந்தார் எனக் கூறுதல் மெய்யன்று. கணவர் மனைவியின் ஆராய்ச்சியைத் தமக்குப் பெருமையாகக் கருதினார். கல்லூரி, மகப்பேற்றுக் காலத்தில் ஊதியத்தோடு விடுப்பு அளித்து, அவர்க்குரிய இடத்தை அவர்க்கே வைத்திருந்தது. இதனை நீவிர் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

பரிசு பெற்றபின் பலர் ஓய்ந்துவிடுவர். அம்மையார்க்கோ ஒரு பழங்கடன் நிலுவையில் இருந்தது. நீரிழிவு நோயாளரைக் காக்கும் இன்சுலினின் கதிர்ப்படத்தை அவர் முதலில் எடுத்தது 1935 இல். அன்று கணக்கிடும் கருவியும் இல்லை, முறையும் போதாது. அவர் அப்படங்களை எறிந்துவிடவுமில்லை. அறியாததை அறிந்ததாக அறிவிக்கவுமில்லை. இடையில் சாங்கர் என்னும் அறிஞர், அதில் உள்ள 51 அமினோ அமிலங்களின் வரிசையைக் கண்டு 1958 இல் பரிசு பெற்றார். அவை வெளியில் மடங்கி நிற்கும் வடிவமோ அறியப்படாதிருந்தது. 1969 இல் அம்மையாரும் அவருடன் உழைத்த இளைஞரும் அவ்வடிவத்தைக் கண்டறிந்தனர். முதற்படம் எடுத்தபோது இருபத்துநான்கு வயது. விடை கண்டபோது ஐம்பத்தொன்பது. இடைப்பட்டன 34 ஆண்டுகள்! அவர் 1994 இல் உலகவாழ்வை நீத்தார்.

இங்ஙனம் அவர் வளர்த்த முறை அவரோடு ஒழியவில்லை. உயிரணுவுக்குள் புரதங்களை ஆக்கும் ரைபோசோமின் அமைப்பைப் படிகமாக்கிக் கதிர்ப்படத்தாற் கண்டமைக்கு 2009 இல் மூவர் பரிசு பெற்றனர். அவருள் ஒருவர் நம் சிதம்பரத்தில் 1952 இற் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் என்பது நமக்குப் பெருமை. மற்றொருவர் எருசலேமிற் பிறந்த ஆதா யோனத் அம்மையார். அவர் வறிய குடியிற் பிறந்து, இளமையிலே தந்தையை இழந்து, தாய்க்கு உதவியாக உழைத்துக்கொண்டே கற்றவர். டாரதி அம்மையார்க்குப் பின் இரசாயனப் பரிசு பெற்ற அடுத்த பெண்மணி அவரே. இடையிற் கழிந்தவை 45 ஆண்டுகள்.

ஏன் இத்துணை நீண்ட இடைவெளி? பெண்மக்கட்கு அறிவு குறைந்தமையாலோ? அன்று. அவர்கட்கு வாயில்கள் பல அடைக்கப்பட்டிருந்தன. டாரதி அம்மையார் வரலாற்றிற் திறந்த வாயில்களை எண்ணிப்பாருங்கள். பெட்டி கொடுத்த அறிஞர் ஒருவர், மேன்மாடத்தை விட்டுக்கொடுத்த பெற்றோர், வகுப்பிற் சேர்த்துக்கொண்ட பள்ளி, புத்தகம் தந்த தாய், பெருமைகொண்ட கணவர், இடத்தைக் காத்துவைத்த கல்லூரி. இவற்றுள் ஒன்று தவறியிருப்பினும் மற்றவை வீணாகியிருத்தல் கூடும். ஸ்டாக்ஹோம் நகரத்தார் சூட்டியது முடியேயன்றி, அத்தலையை நிமிர்த்தியவர் இவர்களே.

அஃது ஆங்கிலேயர் குடும்பம். நம் குடும்பங்கட்கு அது கூடுமோ எனச் சிலர் வினவலாம். மேற்கூறியவற்றுள் பெருஞ்செல்வம் வேண்டுவது யாது? யான் இருபது ஆண்டுகளாகப் பள்ளியில் இருந்து காண்கின்றேன். செய்முறை வகுப்பு முடிந்து வீடுசேர இருட்டிவிடுகிறது என்னும் ஒரு காரணத்தால் இரசாயனப் பாடத்தை விட்டு விலக்கப்படும் பெண்கள் உளர். மதிப்பெண்ணில் முதல்வராய் நின்றும், வரன் வந்தது எனக் கல்வியை இடையில் நிறுத்தப்பட்டோர் உளர். அவர்களுள் ஆராய்ச்சிக்கு உரியவர் யாவர் என யாரறிவார்? வளருமுன் கலைக்கப்பட்ட கரைசலில் எப்படிகம் இருந்தது என எவரும் கூறவியலாது.

ஆதலின், நம் சங்கத்தின் காரியக் கமிட்டியார்க்கு ஒரு விண்ணப்பம். நம் கல்வி நிதியிலிருந்து உதவிப்பணம் பெறும் பெண்ணுக்கு மணமானவுடன் அது நிறுத்தப்படுகின்றது. ஆண்பிள்ளை மணம்புரிந்தால் நிறுத்தப்படுவதில்லை. மணமானவள் வேறு குடும்பத்தவள் ஆயினாள் என்பது பெரியோர் அன்று கண்ட நியாயம். அவர்கள் நல்லெண்ணத்தை யான் ஐயுறவில்லை; நிதி சிறிதென்பதையும் மறக்கவில்லை. ஆயினும், புக்ககமும் நம் சமூகத்ததன்றோ? அவள் கற்ற கல்வி நம்மை விட்டு எங்கே போய்விடும்? மகப்பேறு நேரினும் ஓராண்டு இடத்தைக் காத்துவைத்து, மீண்டு வந்தவுடன் உதவியைத் தொடர்தல் வேண்டும் என்று அடுத்த பொதுக்கூட்டத்திற் தீர்மானிக்குமாறு பணிவோடு வேண்டுகின்றேன். அவ்வுதவிபெறும் பெண்கள் பரிசு பெறுதல் வேண்டும் என்பதன்று என் கருத்து. தொடங்கியதை முடிக்கும் உரிமை அவர்கட்கு வேண்டும் என்பதே.

பெற்றோர்க்கு ஒரு சொல். நும் மகள் மயில்துத்தத்தைக் கண்ணாடிக் குவளையிற் கரைத்துப் பலகணியில் வைத்திருந்தால், விளையாட்டென அதனைக் கொட்டிவிடாதீர்கள். சின்னாள் பொறுத்துப் பாருங்கள்.