இணையம் எந்த இடத்தில் நிற்கிறது?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணினி ஆசிரியர் அல்ல. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவன். எங்கள் பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதால், நம் வட்டார ஆசிரியர் குழுவில் எனக்குத்தான் அடிக்கடி அந்தச் செய்தி வரும்: "சார், வீட்ல நெட் வரல. என்ன பண்றது?" பெரும்பாலும் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வரும். மறுநாள் காலைக்குள் எமிஸ் தளத்தில் எதையோ ஏற்ற வேண்டியிருக்கும்.

அந்தக் கேள்விக்கு இன்று நிதானமாகப் பதில் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். நான் சொல்லப்போவதற்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை. வகுப்பறையில் நாம் தினமும் செய்வதுதான்.

ஒரு குழந்தை 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதுகிறது. கழித்தலே தெரியவில்லை என்று முதலிலிருந்து ஆரம்பிப்போமா? மாட்டோம். 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது, கடன் வாங்கும் இடத்தில் நின்றுவிட்டது என்று கண்டுபிடிப்போம். அந்த ஒரு படியைச் சரி செய்தால் போதும். கணினியிலும் அதே கதைதான். 'நெட் வரல' என்பது 'உடம்பு சரியில்லை' என்பதைப் போல. எங்கே என்று கேட்டால்தான் மருந்து.

இணையம் நம் திரைக்கு வரும் வழியைப் பின்னாலிருந்து பாருங்கள். எங்கோ ஒரு தளம் இருக்கிறது. அங்கிருந்து நமக்கு இணைப்புத் தரும் நிறுவனம். நிறுவனத்திலிருந்து தெருக் கம்பத்தின் வழியாக வீட்டுக்கு வரும் கண்ணாடி இழைக் கேபிள். கேபிள் முடியும் இடத்தில் மோடம். மோடத்திலிருந்து கணினிக்கு வைஃபை அல்லது கம்பி. கணினிக்குள் உலாவி. இந்த வழியில் எங்கே அறுந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: பக்கம் திறக்கவில்லை. அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

முதலில் நாற்காலியை விட்டு எழாமல் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்.

ஒன்று, எல்லாத் தளமும் திறக்கவில்லையா, ஒரு தளம் மட்டுமா? கடைசித் தேதியன்று எல்லா ஊர் ஆசிரியர்களும் ஒரே தளத்தில் நுழைந்தால் அது திணறும். அப்போது நம் மோடத்தை அணைத்துப் போட்டு என்ன பயன்? வேறு இரண்டு தளங்களைத் திறந்து பாருங்கள். அவை திறந்தால் நம் கணினியில் குறை இல்லை. காலையில் சீக்கிரம் எழுந்து முயலுங்கள்.

இரண்டு, இந்தக் கணினிக்கு மட்டும் வரவில்லையா, வீட்டில் எதற்குமே வரவில்லையா? கைபேசியில் பாருங்கள். ஆனால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் பாருங்கள். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வைஃபையில் இணையம் இல்லையென்றால் கைபேசி சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். "போன்ல வருது சார், கம்ப்யூட்டர்லதான் வரல" என்பார்கள். அணைத்துப் பார்த்தால் போனிலும் வராது. ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று அறிவியல் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோமே, அதுதான் இது.

எந்தக் கருவிக்கும் வரவில்லை என்றால் மோடத்தைப் பாருங்கள். கணினியைத் தொடவே வேண்டாம். முதலில் மாதக் கட்டணம் கட்டியாயிற்றா, ரீசார்ஜ் தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் என்னிடம் வரும் அழைப்புகளில் பல அங்கேயே முடிந்துவிடுகின்றன. அடுத்து விளக்குகள். கண்ணாடி இழை இணைப்பின் மோடத்தில் 'பான்' என்று ஒரு விளக்கும் 'எல்.ஓ.எஸ்.' என்று ஒரு விளக்கும் இருக்கும். பான் பச்சையாக, சிமிட்டாமல் எரிந்தால் நிறுவனத்திலிருந்து ஒளி வருகிறது என்று பொருள். எல்.ஓ.எஸ். சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ ஒளி வரவில்லை. கேபிள் எங்கோ அறுந்திருக்கும், வளைந்து ஒடிந்திருக்கும், அல்லது மோடத்தின் பின்னால் இணைப்பு தளர்ந்திருக்கும். மின்கம்பி போல அதை மடக்கிச் சுற்றி வைக்கக் கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி. கழன்ற முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது. அதில் வரும் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது; ஆனால் கண்ணைக் கெடுக்கலாம். சிவப்பு விளக்கு அணையவில்லை என்றால் நிறுவனத்துக்குப் புகார் சொல்வதுதான் வழி. "நெட் வரல" என்று மட்டும் சொல்லாமல் "எல்.ஓ.எஸ். சிவப்பாக எரிகிறது" என்று சொல்லிப் பாருங்கள். அணைத்துப் போடுங்கள், கணினியைப் பாருங்கள் என்ற கேள்விகள் குறைந்து, பேச்சு நேராகக் கேபிளுக்கு வந்துவிடும்.

விளக்குகள் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், மோடத்தை அணைத்து அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். விளக்குகள் எல்லாம் நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதுவரை பொறுத்திருங்கள்.

மற்றவற்றில் வருகிறது, இந்தக் கணினியில் மட்டும் வரவில்லை என்றால் இப்போது கணினிக்கு வருவோம். மடிக்கணினி என்றால் விமானப் பயன்முறை தெரியாமல் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு வைஃபையிலோ நம் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதெல்லாம் சரி என்றால் மூன்று சிறு சோதனைகள்.

விண்டோஸ் தேடுபெட்டியில் 'சிஎம்டி' என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் ஒரு கறுப்புச் சாளரம் திறக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் தட்டி என்டர் அழுத்துங்கள். 'ஐபிவி4' என்ற வரியில் ஓர் எண் வரும். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருகைப் பதிவேட்டில் வரிசை எண் கொடுப்பது போல, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் மோடம் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், மோடத்திடமிருந்து எண் கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அப்போது வைஃபையைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். கம்பி இணைப்பு என்றால் இரண்டு முனைகளையும் கழற்றி, 'டக்' என்ற சத்தம் வரும்வரை அழுத்திச் செருகுங்கள்.

எண் சரியாக இருந்தால் அடுத்த சோதனை. 'பிங்' என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று எழுதி என்டர் அழுத்துங்கள். அது கூகுளின் பொதுச் சேவையகம் ஒன்றின் எண். 'இருக்கிறாயா?' என்று நான்கு முறை கூப்பிடுவோம். நான்கு பதில் வந்தால் நம் வீட்டிலிருந்து வெளியுலகுக்கு வழி திறந்திருக்கிறது. வழி இருந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால் மூன்றாவது சோதனை: அதே 'பிங்', எண்ணுக்குப் பதில் ஒரு தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து, பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற செய்தி வந்தால் குறை 'டி.என்.எஸ்.' என்ற இடத்தில்.

டி.என்.எஸ். என்றால் என்ன? கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித்தரும் ஏற்பாடு அது. தொடக்க காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் அதைப் பராமரித்தார்கள், மற்றவர்கள் நகலெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அது கட்டுப்படியாகவில்லை. 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் என்பவர் இப்போதுள்ள பகிர்ந்த முறையை வடிவமைத்தார். பொதுவாக நம் இணைப்பு நிறுவனத்தின் சேவையகமே இந்தத் தேடலைச் செய்துதரும். அது படுத்துக்கொண்டால் நெட்வொர்க் அமைப்புகளில் டி.என்.எஸ். முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கொடுத்தால் வேலை நடக்கும்.

பெயருக்கும் பதில் வருகிறது, ஆனாலும் உலாவி திறக்கவில்லையா? அப்படியானால் குறை நம் கணினிக்குள்தான். வேறு ஓர் உலாவியில் திறந்து பாருங்கள். அமைப்புகளில் 'ப்ராக்ஸி' என்ற இடத்தில் யாராவது எதையாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அலுவலக வலையமைப்பில் பயன்படுத்திய மடிக்கணினி வீட்டில் வேலை செய்யாமல் போக அது ஒரு காரணம். சில தீய நிரல்களும் அங்கே கைவைக்கும். வீட்டில் அது அணைந்திருக்க வேண்டும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-உடன் நிறுத்திவிட்டது. குரோம் உலாவியின் 109-ஆம் பதிப்புக்குப் பிறகு வந்தவை அதில் இயங்காது. புதிய தளங்கள் சரியாகத் திறக்காமல் போவதற்கு அதுவும் காரணமாகலாம்.

கடைசியாக, பலரும் பார்க்காத ஓரிடம்: திரையின் வலது கீழ் மூலையில் உள்ள தேதி.

பக்கத்து ஒன்றியத்தில் ஒரு தலைமையாசிரியை அம்மா. வீட்டுக் கணினியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வந்தது. கடைக்குக் கொடுத்தார். கணினியை முழுவதும் அழித்து, ஃபார்மட் செய்து, காசு வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். பன்னிரண்டு வருடமாக அவர் தயாரித்து வைத்திருந்த பத்தாம் வகுப்பு வினாத்தாள்கள், ஆண்டுவிழாப் படங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாழ்த்து மடல்கள் எல்லாம் போயின. வந்த கணினியில் இணையம் நன்றாகத்தான் வந்தது. மூன்றாம் நாள் இரவு மின்சாரம் போனது. காலையில் மறுபடி அதே செய்தி. அப்போதுதான் எனக்குப் போன் செய்தார். "அம்மா, கீழே என்ன தேதி காட்டுது?" என்று கேட்டேன். "2010 ஜனவரி 1-னு இருக்கே சார்" என்றார்.

கணினியின் தாய்ப்பலகையில் நாணயம் போல வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். 3 வோல்ட். 'சிஆர்2032' என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும். மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தை நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. அது தீர்ந்துபோனால், மின்சாரம் நின்று வரும்போது கணினி ஏதோ ஒரு பழைய தேதிக்குப் போய்விடும். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். கணினி 2010-இல் இருந்துகொண்டு பார்த்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் உலாவி கதவைச் சாத்திவிடுகிறது. தேதியைச் சரி செய்தோம், திறந்தது. அந்த வாரமே பேட்டரியை மாற்றினோம். கடிகாரம் சரியாகிவிட்டது. வினாத்தாள்கள் திரும்ப வரவில்லை.

இதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். எந்தப் படியில் தவறு என்று பார்க்காமல் நோட்டையே கிழித்துப் போட்டு முதலிலிருந்து எழுதச் சொல்வது போன்றது அது. இணையம் வரவில்லை என்பதற்காக மட்டும் யாராவது ஃபார்மட் செய்யச் சொன்னால், 'எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது?' என்று கேளுங்கள். கேட்கும் உரிமை நமக்கு உண்டு. செய்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் கோப்புகளை முதலில் நகலெடுத்த பிறகே கணினியைக் கொடுங்கள்.

இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. அவசரத்தில் கைபேசியில் 'வாடிக்கையாளர் சேவை எண்' என்று தேடி, முதலில் தெரிந்த எண்ணுக்குப் பேசுகிறோம். போலி எண்கள் அங்கே காத்திருக்கின்றன. 'இந்தச் செயலியை நிறுவுங்கள், நான் இங்கிருந்தே சரிசெய்கிறேன்' என்பார்கள். நம் திரை அவர்கள் கைக்குப் போய்விடும்; பின்னாலேயே வங்கிக் கணக்கும் போகும். சேவை எண்ணை உங்கள் பழைய ரசீதிலிருந்து மட்டுமே எடுங்கள். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் தயங்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். இணையப் பணமோசடிக்கான தேசிய உதவி எண் அது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு சிறு அட்டை எழுதி மோடத்தின் மேல் ஒட்டிவையுங்கள். அதில் நான்கு விவரம் போதும்: வாடிக்கையாளர் எண், ரசீதிலுள்ள சேவை எண், ரீசார்ஜ் முடியும் தேதி, இணையம் நன்றாக வரும்போது எந்தெந்த விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது என்பது. நன்றாக இருக்கும்போது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தானே கெட்டது தெரியும்?

அடுத்த வாரம் ஆய்வக வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேளுங்கள்: "இணையம் எந்த இடத்தில் நிற்கிறது?" விடையைச் சொல்லிவிடாதீர்கள். அவர்களே கேள்வி கேட்டு, ஒவ்வொன்றாகச் சோதித்து வரட்டும். வீட்டில் அப்பாவின் கணினிக்கும் நாளை அவர்கள்தான் பதில் சொல்லப் போகிறார்கள்.