இல்லத் தொழிலும் தாயின் நேரமும்

(வெள்ளி விழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)

 

இது கல்விக்கெனத் தோன்றிய சங்கம். இந்த விழாவில் வீட்டிலிருந்தபடியே தொழில் செய்யும் தாய்மார்களின் நேரத்தைப் பற்றி ஒரு தலைமையாசிரியன் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. ஒரு பெண் பிள்ளை அடிக்கடி பள்ளிக்கு வராமல் நின்றால், நாங்கள் விசாரிக்கிறோம். அந்த விசாரணை பல வேளைகளில் அவளுடைய தாயின் நேரப் பற்றாக்குறையில் சென்று முடிகிறது. தாய்க்கு நேரம் போதவில்லையென்றால் அந்தக் குறையை யாராவது ஒருவர் ஈடுசெய்தாக வேண்டும். நம் வீடுகளில் அதை ஈடுசெய்வது மூத்த மகளின் படிப்பு. இதுவே நான் இன்று சொல்ல வந்த செய்தி.

நம் குடியிருப்புகளில் பெண்கள் செய்யும் தொழில்கள் பல. தையல், சேலைக்கு ஃபால்ஸ் அடித்தல், மாவு அரைத்து விற்றல், இட்லி வியாபாரம், பூக்கட்டுதல் என்று சொல்லிக்கொண்டே போகலாம். நம் அரசுப் பள்ளி மாணவர்கள் அணியும் விலையில்லாச் சீருடைகளைத் தைத்துத் தருவதும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களே. சத்தியவாணி முத்து அம்மையாரின் நினைவாக அரசு அமைத்த திட்டத்தின் மூலம் இலவசத் தையல் இயந்திரம் பெற்ற சகோதரிகளும் பலர் உண்டு. இயந்திரம் கிடைத்தது, ஆனால் அதை ஓட்டுவதற்குரிய நேரத்தை எந்தத் திட்டமும் பெட்டியில் வைத்துத் தர இயலாதல்லவா?

ஆலைத் தொழிலாளிக்கு நேரம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை வகித்தவர் அண்ணல் அம்பேத்கர். அவர் காலத்து முயற்சிகளின் பயனாக, 1946-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்தது. ஆலைக்குச் சங்கு உண்டு. அடுப்படிக்குச் சங்கு ஏது? வீட்டில் தொழில் செய்யும் தாய்க்கு வேலை தொடங்கும் நேரமும் இல்லை, முடியும் நேரமும் இல்லை.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. 2024-ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் ஒருவர் நாளொன்றுக்கு அவற்றில் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடங்கள். ஆண் செலவிடுவது 88 நிமிடங்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வீட்டுக்கு உழைத்த பிறகுதான் அவள் தொழிலில் உட்காருகிறாள்.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படித்த மாணவி ஒருத்தியின் தாயார் வீட்டில் இரவிக்கை தைப்பவர். தீபாவளிக்கு முந்திய மாதத்தில் அந்த மாணவி பதினொரு நாள் வரவில்லை. தாயாரை அழைத்துக் கேட்டோம். "நேரம் எங்கே சார் இருக்கிறது? கொக்கி வைக்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் அவளை விட்டால் ஆளில்லை" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. வகுப்பாசிரியை அவருடன் அமர்ந்து, முதல் நாள் செய்த வேலைகளை ஒரு நோட்டில் எழுதினார். அதிகாலை நாலரைக்கு எழுந்தவர் இரவு பதினொரு மணிக்குப் படுத்திருக்கிறார். இயந்திரத்தில் அமர்ந்தது மொத்தம் ஐந்து மணி நேரம். ஆனால் அந்த ஐந்து மணி நேரமும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. எழாமல் தொடர்ந்து தைத்த நேரம் ஒருமுறைகூட நாற்பது நிமிடத்தைத் தாண்டவில்லை. தண்ணீர் வந்தது, எழுந்தார். துணி கொடுக்க ஆள் வந்தது, எழுந்தார். பிள்ளை அழுதது, எழுந்தார்.

அவருக்கு அதிக நேரம் வேண்டியிருக்கவில்லை. உடையாத நேரம் வேண்டியிருந்தது. சிறுவனை அங்கன்வாடிக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பைத் தந்தை ஏற்றார். காலை பத்து முதல் ஒரு மணி வரை துணி வாங்குவதில்லை என்று கதவருகே ஒரு சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டார்கள். கொக்கி வைக்கும் வேலையை மாலையில், மகள் பாடம் படிக்கும்போது, தாயே அருகிலிருந்து செய்தார். மாணவியின் வருகை சீரடைந்தது. பின்னர் அவள் பத்தாம் வகுப்பிலும் தேறினாள்.

தாய்மார்களே! இதிலிருந்து சிலவற்றை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவதாக, ஒரு வாரத்திற்கு உங்கள் நேரத்தை எழுதி வையுங்கள். எழுத வராதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதித் தரட்டும். பணத்திற்குக் கணக்கு வைப்பவர்கள் நேரத்திற்கும் வைக்க வேண்டும்.

இரண்டாவதாக, வேலையைப் பிரித்துப் பாருங்கள். அளவு பார்த்துத் துணி வெட்டுவது இடையில் எழக்கூடாத வேலை. கத்தரி தவறினால் துணிக்கு நட்டம். கொக்கி, பட்டன், ஓரம் மடித்துத் தைத்தல் ஆகியவை எடுத்துவைத்துத் தொடரக்கூடியவை. முன்னதைப் பள்ளி நேரத்திலும் பின்னதை மாலையிலும் வையுங்கள். மாவு அரைப்பவர்களுக்கு உளுந்து ஊறும் நேரமும் மாவு புளிக்கும் நேரமும் தாமாக வேலை நடக்கும் நேரங்கள். கோடையில் விரைவில் புளிக்கும், மார்கழியில் தாமதமாகும். அதற்கேற்ப ஊறவைக்கும் வேளையை மாற்றிக்கொண்டால் நள்ளிரவில் கண்விழிக்க வேண்டியதில்லை. பள்ளி மணியே உங்கள் ஆலைச் சங்காக இருக்கட்டும்.

மூன்றாவதாக, ஒரு நாளில் எத்தனை உருப்படி முடியும் என்பதை அறிந்து, அதற்குமேல் வருவதை மறுக்கப் பழகுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அளவின்றி ஏற்றுக்கொண்ட துணி, கடைசி வாரத்தில் மகளின் மடியில்தான் வந்து விழுகிறது.

நான்காவதாக, நேரத்திற்கும் விலை போடுங்கள். "வீட்டில் சும்மா இருக்கும்போது தைப்பதுதானே" என்று கூலியைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. நூலுக்கும் மின்சாரத்திற்கும் கணக்குப் பார்ப்பதுபோல், அமர்ந்து உழைத்த மணிக்கும் கணக்குப் பார்த்துக் கூலி கேளுங்கள். சேரியில் சமைத்ததை ஊர்த்தெரு வாங்கத் தயங்கும் இழிநிலை சில இடங்களில் இன்னும் மாறவில்லை. அதனால் தொலைவிலுள்ள கடைத்தெருவுக்குச் சுமந்து சென்று விற்கும் நம் சகோதரியின் நடையும் அவளது நேரமே. தீண்டாமை பெண்ணின் நாளிலிருந்தும் வரி பிடிக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

ஐந்தாவதாக, கூடிச் செய்யுங்கள். 1959-ஆம் ஆண்டு மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்றுத் தொடங்கியதே லிஜ்ஜத் அப்பளத் தொழில். மாவைப் பொதுவிடத்தில் பிசைந்து தருவார்கள். உறுப்பினர் வீட்டுக்கு எடுத்துச் சென்று இட்டுத் தருவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே செய்யவேண்டிய வேலை ஓரிடத்தில் முடிந்துவிடுகிறது. நம் தெருவில் ஐந்து பேர் தைக்கிறார்கள் என்றால், நூலும் பட்டனும் வாங்க ஐவரும் டவுனுக்குப் போக வேண்டுமா? முறைவைத்து ஒருவர் சென்றால் மற்ற நால்வருக்கும் அரைநாள் மிச்சம்.

இனி, ஆடவர்களுக்கும் ஒரு சொல். தாய் மட்டும் நேரத்தைத் திட்டமிட வேண்டும் என்று சொல்வது, பாரத்தைச் சுமப்பவளிடமே பாரத்தைப் பற்றிப் பாடம் நடத்துவதாகும். குடத்தைத் தூக்கினால் ஆணின் மதிப்புக் குறையாது. மகள் பெருக்கும்போது மகன் ஊர் சுற்றுவது முறையன்று. 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டமும், 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022-இல் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டமும் பிள்ளையின் வயிற்றை நிரப்பியதோடு தாயின் காலைப்பொழுதையும் ஓரளவு மீட்டுத் தந்தன. அரசு மீட்டுத் தந்த பொழுதை வீட்டு ஆடவர் பறித்துக்கொள்ளலாமா?

இச்சங்கத்திற்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாலை வகுப்பு நடக்கும் இக்கட்டடம் பகலில் பூட்டிக் கிடக்கிறது. அதில் தையல் தெரிந்த தாய்மார்கள் பத்து மணி முதல் ஒரு மணி வரை கூடி அமர இடம் தாருங்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மூதாட்டியை அமர்த்துங்கள். அது தொழிற்கூடமாக மட்டும் இராது. நம் பெண் பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டையும் அது காக்கும்.

1942 ஜூலை 20 அன்று நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டே அளப்பதாக அண்ணல் அம்பேத்கர் கூறினார். தாயின் உழைப்பால் வீடு உயரட்டும். ஆனால் அந்த உயர்வுக்கு மகளின் வகுப்பறை விலையாகாதிருக்கட்டும். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் வைக்கும் கணக்கில் அதுவும் ஒரு பத்தியாக இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வளர்க கல்வி! வாழ்க சங்கம்!