ஆவி அழுத்தம்

வகுப்பில் நாம் சிலேட்டின் மேல் ஸ்பிரிட், நீர், சமையல் எண்ணெய் மூன்றிலும் ஒவ்வொரு துளி விட்டுக் காட்டுவோம். முதலில் ஸ்பிரிட் மறையும், பிறகு நீர், எண்ணெயோ அப்படியே நிற்கும்.

மூடிய பாத்திரத்தில் திரவத்தின் மேல் ஆவி நிறைந்து நின்று தள்ளுவதே ஆவி அழுத்தம். 30 பாகை செல்சியஸில் நீருக்கு அது பாதரச அளவில் சுமார் 32 மில்லிமீட்டர். ஸ்பிரிட்டிலுள்ள எத்தில் ஆல்கஹாலுக்குச் சுமார் 78. மண்ணெண்ணெய்க்கு மிகக் குறைவு. பெட்ரோலுக்கோ இவையனைத்தையும்விட மிக அதிகம்.

ஆகவே மண்ணெண்ணெய் அடுப்பில் பெட்ரோலைச் சிறிதும் கலக்கலாகாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு தவழ்ந்து சென்று, அப்பால் எரியும் விளக்கில் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் டின்னை இறுக மூடி, வீட்டிற்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.