கழிநீர்க் குழாயின் சரிவு



எல்லையிலிருந்து பதுளை நோக்கி இரயிலில் வந்தவர்கள் தெமோதரையை மறந்திருக்கமாட்டார்கள். நிலையத்தைக் கடந்த இருப்புப்பாதை மலையைச் சுற்றி வளைந்து, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினுள் நுழைகின்றது. நேரே இறங்கினால் என்ன? அது இயலாது. மலைநாட்டுப் பாதையில் 44 அடி தூரத்துக்கு ஓர் அடி இறக்கம் என்பதே எல்லை. அதனை மீறாமல் இறங்குவதற்காகவே அந்த வளையம். 1924 இல் பதுளையை அடைந்த அப்பாதை, நம் வீட்டுக் கழிநீர்க் குழாய்க்கும் ஒரு பாடம் சொல்கின்றது.

லயத்தின் பின்புறத்தில் புதிதாகக் குசினியோ குளியலறையோ கட்டுகின்றவர்கள், "நாம் மலையில்தானே இருக்கிறோம், தண்ணீர் தானாக ஓடிவிடும்" என்று எண்ணுவதுண்டு. மலையில் சரிவு இருப்பது உண்மை. ஆனால் மலையின் சரிவு வேறு, குழாயின் சரிவு வேறு.

நான்கு அங்குலக் குழாய்க்கு, 10 அடி நீளத்துக்கு 3 அங்குலம் இறக்கம் என்பது நல்ல அளவு. மீற்றர்க் கணக்கில், ஒரு மீற்றருக்கு இரண்டரைச் சென்ரிமீற்றர். இதனிலும் மிகக் குறைந்தால் நீரின் வேகம் குன்றும். சோற்றுப் பருக்கையும் கொழுப்பும் குழாயின் அடியில் படிந்து, நாளடைவில் வழியை அடைத்துவிடும்.

அப்படியானால், சரிவு கூடக் கூட நன்மைதானே என்று கேட்கலாம். செங்குத்தான குழாயில் நீர் முந்தி ஓட, கழிவு பின்தங்கிவிடும் என்று சொல்வார்கள். அது முழுவதும் சரியன்று. மலைச்சாரலில் உண்மையான கேடு வேறு. செங்குத்தாகக் கிடக்கும் குழாய் தன் பாரத்தாலேயே கீழ்நோக்கி இழுபட்டுப் பொருத்துகள் விலகும். அங்கே கசியும் நீர் மண்ணுக்குள் இறங்கும். முனையில் பாய்கின்ற நீர் நிலத்தை அரிக்கும். ஆகவே, மேட்டில் அளவான சரிவிலேயே குழாயைக் கொண்டுசென்று, விளிம்பில் ஒரு சீமெந்துத் தொட்டி அமைத்து, அதனுள் நீரை நேராக இறக்கி, கீழே மறுபடியும் அளவான சரிவில் தொடரவேண்டும். தொட்டிக்கு மூடி இருந்தால், அடைப்பு ஏற்படும்போது திறந்து பார்க்கவும் உதவும்.

அளப்பது கடினமன்று. கண்ணாடி போன்ற ஒளி ஊடுருவும் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்புங்கள். அதன் இரு முனைகளிலும் நீர் நிற்கும் உயரம் ஒன்றே. அதனைக் கொண்டு இரு முளைகளில் நூலை மட்டமாகக் கட்டுங்கள். மேல்முனையில் குழாயின் முதுகு நூலுக்கு 2 அங்குலம் கீழே இருந்தால், 20 அடி தள்ளி 8 அங்குலம் கீழே இருக்கவேண்டும். குழாயின் அடிமண்ணை நன்றாக இடித்து இறுக்குங்கள். தளர்ந்த மண் மழையில் அமிழ்ந்தால், குழாயின் நடுவில் பள்ளம் விழுந்து நீர் தேங்கும்.

சரிவைச் சரிசெய்தாலும், குழாய் எங்கே முடிகின்றது என்ற கேள்வி எஞ்சுகின்றது. மேல் லயத்தின் கழிநீர் கீழ் லயத்தின் சுவரடியில் ஊறலாகாது. 2014 ஒக்ரோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்ததை ஊவா மக்கள் மறக்கவில்லை. ஒரு குசினிக் குழாய் மலையைச் சரித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது பெருமழையின் வேலை. ஆயினும் மண்ணுக்குள் புகும் நீரே சரிவைத் தளர்த்துகின்றது. மழையை நாம் தடுக்க இயலாது. நம் வீட்டு நீரைச் சீமெந்துக் கானில் சேர்த்து, மண்ணில் ஊறாமல் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவது நம்மால் இயலும். மலசலகூடக் கழிவைக் கானில் விடலாகாது. அதற்குரிய குழி வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் குழி வெட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுங்கள். நிலத்தில் புது வெடிப்போ, திடீரெனக் கலங்கல் ஊற்றோ கண்டால், கிராம உத்தியோகத்தருக்கு உடனே அறிவித்து, அவ்விடத்தைவிட்டு விலகுங்கள்.

பத்தடிக்கு மூன்று அங்குலம். இக்கணக்கை மேசனிடம் மட்டும் விட்டுவிடாமல், நீங்களும் நூல் பிடித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்குக் கீழேயும் ஒரு வீடு இருக்கின்றது.