மரத்தடி அடைக்கலம் அன்று



சித்திரை, வைகாசித் திங்கள்களில் பிற்பகலில் வானம் திடீரெனக் கறுக்கும். குளிர்ந்த காற்று ஒன்று புழுதியை வாரிக்கொண்டு வரும். அதன் பின்னே இடி முழங்கும். வெயிலில் வெந்த உடலுக்கு அம்மழை அமுதம். காய்ந்து கிடக்கும் புன்செய்க்கு அதுவே முதல் உழவின் அழைப்பு. கோடை மழையை வேண்டாதார் நம் நாட்டில் எவருமிலர். ஆயினும், இடிமழையோடு வரும் மின்னலால் இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் உயிர் இழக்கின்றனர். அவர்களுள் மிகப் பலர் நாட்டுப்புறத்து மக்கள். வயலில் வேலை செய்தோர், ஆடு மாடு மேய்த்தோர், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியோர். இவ்விறப்புகளுள் பல தவிர்க்கக் கூடியவை. அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இடிமேகம் எவ்வாறு பிறக்கிறது? அதற்கு ஈரம் வேண்டும், வெப்பம் வேண்டும், காற்றை மேலே தூக்கும் விசை ஒன்றும் வேண்டும். காலை முதல் நிலம் காய்கிறது. அதனை ஒட்டிய காற்றும் சூடேறி இலேசாகிறது. பிற்பகலில் கடற்காற்று ஈரத்தைச் சுமந்து உள்நாடு புகுந்து, மேற்கிலிருந்து வரும் வறண்ட வெப்பக் காற்றை எதிர்கொள்கிறது. இரண்டும் முட்டும் இடத்தில் காற்றுக்குப் போக்கிடம் மேலே ஒன்றுதான். ஏறிய காற்று குளிர்கிறது. அதிலுள்ள நீராவி துளிகளாகிறது. அவ்வாறு ஆகும்போது நீராவி தன்னுள் அடங்கியிருந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. அவ்வெப்பம் காற்றை மேலும் உயரத் தூக்குகிறது. தன் விறகைத் தானே கொண்டுவரும் அடுப்புப் போன்றது இது. மேகம் 12, 15 கிலோமீட்டர் உயரம் வரை வளர்ந்து, உச்சியில் கொல்லன் பட்டடை போலத் தட்டையாக விரிகிறது. இமயத்தின் மிக உயர்ந்த சிகரமும் 9 கிலோமீட்டரை எட்டவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

அம்மேகத்தின் நடுவே நுண்ணிய பனித்துகள்களும், சற்றுப் பெரிய மென்பனிக் கட்டிகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதலால் மின்னூட்டம் பிரிகிறது. இலேசான துகள்கள் நேர்மின்னை ஏந்தி மேலே செல்கின்றன. கனத்த கட்டிகள் எதிர்மின்னோடு கீழே தங்குகின்றன. மேகத்தின் அடியிலுள்ள எதிர்மின், நேர்கீழே நிலத்தில் நேர்மின்னை வருவிக்கிறது. இவ்விரண்டின் இழுப்பும் மிகுந்து காற்றின் தடையை உடைக்கும்போது மின்னல் பாய்கிறது. அது பாயும் பாதையில் காற்று ஏறத்தாழ 30,000 டிகிரி வரை சூடேறுகிறது. கதிரவனின் மேற்பரப்பைக் காட்டிலும் ஐந்து மடங்கு வெப்பம் அது. அவ்வளவு வெப்பத்தால் காற்று வெடித்து விரியும் ஓசையே இடி.

இதே இடிமேகம், உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறுபடும் நாடுகளில், முழுவதுமாகச் சுழலத் தொடங்குவதுண்டு. அச்சுழற்சி குறுகித் தரையைத் தொட்டால் டொர்னாடோ என்னும் சுழல்காற்றுத் தூண் பிறக்கும். அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளில் அது மிகுதி. வங்காளதேசத்தில் 1989 ஏப்ரல் 26 அன்று எழுந்த ஒரு டொர்னாடோவில் ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர். கடலில் தோன்றி நாட்கணக்கில் நகரும் புயல் வேறு. சில நிமிடங்களில் எழுந்து அடங்கும் இது வேறு. இதற்கு உட்பட்ட நாடுகளில், சாளரம் இல்லாத உள்ளறையிலோ நிலவறையிலோ புகுந்துகொள்ளுமாறு மக்களைப் பழக்கியிருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் அது மிக அரிது. நாம் அஞ்ச வேண்டியது மின்னலுக்கே.

“இடி விழுந்து இறந்தான்” என்பது நம் வழக்கு. விழுவது இடி அன்று, மின்னல். இடி கேட்டதும் “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்று கூவுவார்கள் பெரியோர். அது நெஞ்சுக்குத் துணிவு தரலாம். ஆனால் இடி செவியில் விழும்போது அந்த மின்னலின் வேலை முடிந்துவிட்டது. கருத வேண்டியது அடுத்த மின்னலை. மின்னலைக் கண்டது முதல் இடி கேட்கும் வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், அது எத்தனை கிலோமீட்டர் தொலைவில் என்பது விளங்கும். எனினும் இக்கணக்குக்காகக் காத்து நிற்க வேண்டுவதில்லை. மின்னல் மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் பாயக்கூடும். ஆகவே, இடி காதில் கேட்டது என்றால் நீங்கள் மின்னலின் எல்லைக்குள் இருக்கிறீர்கள்.

இனி மரத்தின் செய்திக்கு வருவோம். வெயிலில் நம்மைக் காத்த மரம் மழையிலும் காக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் வெட்டவெளியில் உயர்ந்து நிற்பதையே மின்னல் பெரிதும் நாடுகிறது. மரத்தில் இறங்கிய மின்சாரம், மரத்தைக் காட்டிலும் எளிய வழியாகிய மனித உடலுக்குத் தாவுகிறது. வேரின் வழியே நிலத்திலும் பரவுகிறது. மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே உள்ள தூரம் மிகுதியாதலால், அம்மின்சாரம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்குகிறது. ஒரே மரத்தடியில் ஒரு மந்தையே மடிவது இதனால்தான்.

அப்படியானால் எங்கே செல்வது? சுவரும் கூரையும் உள்ள உறுதியான கட்டடமே தக்க இடம். கதவடைத்த கார், பேருந்து ஆகியவையும் காக்கும். சுவரில்லாத கொட்டகையும் திறந்த மண்டபமும் காவல் ஆகா. குளம், கிணற்றடி, கம்பி வேலி, மின்கம்பம் ஆகியவற்றை விட்டு விலகுங்கள். மிதிவண்டி, டிராக்டர் ஆகியவற்றிலிருந்து இறங்கிவிடுங்கள். வீட்டுக்குள்ளும் அந்நேரத்தில் குளித்தல், குழாயடியில் பாத்திரம் துலக்குதல், மின்சாரத்தோடு இணைந்த கருவிகளைத் தொடுதல் கூடாது. ஓடி அடைய இடமே இல்லாதபோது, தனிமரத்தை விட்டு விலகி, ஒருவரை விட்டு ஒருவர் பிரிந்து, தாழ்வான இடத்தில் கால்களைச் சேர்த்துக் குந்தியிருங்கள், படுக்கலாகாது. இது முழுக் காவல் அன்று. வேறு வழியில்லாதபோது செய்வது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பின்னரே வெளியே வர வேண்டும்.

மின்னல் தாக்கியவரைத் தொடலாம். அவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. தொட அஞ்சி நிற்பதாலும், சில ஊர்களில் செய்வதுபோலச் சாணத்தில் புதைத்து வைப்பதாலும், பிழைக்கக் கூடியவரை இழக்கிறோம். மூச்சும் நாடியும் நின்றிருந்தால், உடனே மார்பின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். 108 ஊர்தியை அழைத்து, அது வரும் வரை அழுத்துவதை விடாதீர்கள்.

இறுதியாக, நிலமுடையோருக்கு ஒரு விண்ணப்பம். நடவிலும் களையெடுப்பிலும் இருக்கும் பெண்கள் இடி கேட்டும் கரையேறத் தயங்குவது அறியாமையால் மட்டும் அன்று. கூலி குறையுமே என்னும் அச்சத்தாலும்தான். முதல் இடி கேட்டவுடன் அவர்களை நீங்களே அழைத்து, வீட்டுத் திண்ணையில் அன்று, வீட்டின் உள்ளே அமர வையுங்கள். அந்த அரை மணி நேரத்துக்குக் கூலி பிடிக்காதீர்கள். நடவு நாளையும் நடக்கும்; போன உயிர் மீளாது.