மரவள்ளி: ஏழையின் சோறு, ஆலையின் சரக்கு



உணவுப் பயிர் என்றதும் நெல்லையோ கோதுமையையோ எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றுக்காகப் பேச ஆள் நிறைய உண்டு. நான் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளிக்காகப் பேச வந்திருக்கிறேன். சந்தைக் கணக்கை மட்டும் வைத்து ஒரு பயிரை எடைபோட்டால் என்னென்ன விட்டுப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

தென் அமெரிக்காவில் பிறந்த மரவள்ளியை 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இன்று உலகிலேயே அதிகம் விளைவிக்கும் நாடு நைஜீரியா. ஆனால் ஏற்றுமதியில் பெயர் பெற்றது தாய்லாந்து. நைஜீரியாவின் கிழங்கு பெரும்பாலும் உள்நாட்டிலேயே செலவாகிவிடுகிறது. மண்ணுக்குள் இருக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும் கிழங்கு, பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கறுத்துக் கெட்டுவிடும். அதனால் பிடுங்கிய ஊரிலேயே கைவேலை தொடங்கியாக வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் அந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது. தோலுரித்துத் துருவி, சாக்கில் கட்டி, மேலே பாரம் ஏற்றிவைக்கிறார்கள். சில நாளில் சாறு வடிந்து மாவு புளிக்கும். பிறகு சலித்து, அகன்ற சட்டியில் கைவிடாமல் கிளறி வறுத்தால் 'காரி' தயார். மாதக்கணக்கில் கெடாது; தண்ணீர் ஊற்றினால் சாப்பாடு. கிழங்கிலுள்ள சயனைடு நஞ்சும் இந்தப் பக்குவத்தில்தான் பெருமளவு நீங்குகிறது. பஞ்சத்திலும் போரிலும் பக்குவத்தைக் குறைத்துக் கசப்புக் கிழங்கையே தின்ற கொங்கோ, மொசாம்பிக் சிற்றூர்களில் பிள்ளைகளுக்குக் கால் முடங்கியது. 'கோன்சோ' என்று அந்நோய்க்குப் பெயர். அந்தப் பெண்களின் உழைப்பை எந்த ஏற்றுமதிப் பட்டியலில் தேடுவது?

1970களில் மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. பராகுவேயில் கிடைத்த ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியை வளர்த்து, ஹான்ஸ் ஹெரன் தலைமையிலான குழு நாடு நாடாகப் பறக்கவிட்டது. மருந்துக்கென்று விவசாயி காசு செலவழிக்காமலே பூச்சி அடங்கியது. ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நம் பக்கம் கதை வேறு. திருவிதாங்கூரில் மரவள்ளியைப் பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா. 1942இல் பர்மா அரிசி நின்றபோது அங்கே பல குடும்பங்களின் வயிற்றைக் காத்தது அதுதான். சேலத்துக்காரர்களோ அதை ஜவ்வரிசியாக்கி ஆலைச் சரக்காக்கினார்கள். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் கிழங்குக்கு மாவுச்சத்துப் 'பாயிண்ட்' பார்த்து விலை சொல்கிறார்கள். அளவும் விலையும் பெரும்பாலும் வாங்குபவர் கையில். பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது என்பது அவருக்கும் தெரியும்.

2020இல் அதே மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டு, பிறகு நம் மாவட்டங்களுக்கும் வந்தது. அதே குளவியை ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைத்து 2022இல் இங்கே விட்டார்கள். பூச்சிக்கு வழி கண்ட அரசு, பாயிண்ட் அளக்க ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு பொதுக் கருவியாவது வைக்க வேண்டும். இந்த மேடையிலிருந்து அதையே கேட்டுக்கொள்கிறேன்.